உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?: பாட இணைப்பு அலகும் வகுப்பறைத் தொழில்நுட்பமும்

பள்ளிகளில் பாடங்களை இணைத்துக் கற்பிப்பது என்றால் பெரும்பாலும் ஒரு கருப்பொருளில்தான் தொடங்குகிறார்கள். ‘தண்ணீர்’ என்று வைத்துக்கொள்வோம். தமிழில் மழைக்கவிதை, கணக்கில் தொட்டியின் கொள்ளளவு, அறிவியலில் நீர்ச்சுழற்சி, ஓவியத்தில் மேகம். கடைசி நாளில் எல்லாவற்றையும் பவர்பாயிண்டில் அடுக்கித் திரையில் ஓட்டினால் தொழில்நுட்பமும் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு. அமெரிக்கக் கல்வியாளர் ஹைடி ஹேய்ஸ் ஜேக்கப்ஸ் 1989இல் பதிப்பித்த நூலிலேயே இத்தகைய கதம்ப அலகுகளைக் குறை கூறியிருக்கிறார்: எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் இருக்கும், எதிலும் ஆழம் இருக்காது.

கருவிகளின் கதையும் இதுவே. பிசா என்னும் பன்னாட்டு மாணவர் தேர்வின் தரவுகளை ஆராய்ந்து ஓஇசிடி அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளிக் கணினிகளில் பெருமளவு பணம் போட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ சொல்லத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்றது.

பாடங்கள் இணைவது ஒரு பொதுக் கேள்வியால்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு பாடத்தை விலக்கினால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் போகவேண்டும். அப்போதுதான் அந்தப் பாடத்துக்கு அங்கே வேலை உண்டு. கருவியையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

காயம்பட்ட கழுகு

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் ‘ஜாஸ்பர் உட்பரி’ வரிசையை உருவாக்கத் தொடங்கினார்கள். காணொளித் தட்டுகளில் மொத்தம் பன்னிரண்டு கதைகள். அவற்றுள் ஒன்றில், எளிதில் சென்றடைய முடியாத ஒரு புல்வெளியில் கழுகு ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது. அதை மிக விரைவாக மருத்துவரிடம் சேர்ப்பது எப்படி என்ற கேள்வியோடு கதை நின்றுவிடும். சிறு விமானத்தின் வேகம், அது தாங்கும் எடை, எரிபொருள் கொள்ளளவு, ஊர்களுக்கிடையே உள்ள தொலைவு ஆகிய அனைத்தும் கதைமாந்தரின் பேச்சிலும் காட்சியிலும் ஏற்கெனவே வந்துபோயிருக்கும். மாணவர்கள்தான் அவற்றைத் தேடி எடுக்க வேண்டும்.

படக்கதையை அச்சிலும் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கொடுத்தால், கணக்குக்கு வேண்டிய எண்கள் கேள்வித்தாளில் வருவதுபோல் வரிசையாக வந்து நிற்கும். காணொளித் தட்டில் வேண்டிய காட்சிக்கு நொடியில் தாவலாம். பார்த்ததை மறுபடி பார்த்துச் சான்று தேடலாம். கருவி அங்கே செய்த வேலை இதுதான். பாட இணைப்பும் அதே கேள்வியிலிருந்து கிளைத்தது. கழுகுக்காகப் பறப்புத் திட்டம் போட்ட மாணவர்கள், 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறக்க எப்படித் திட்டமிட்டிருப்பார் என்று ஆராய்ந்தார்கள். எடையும் எரிபொருளும் பற்றிய அதே கணக்கு வரலாற்றுப் பாடத்துக்குள் நுழைந்தது.

சேர்த்தவர்கள் பார்க்காத தரவு

இதற்கு எதிர்ப்புறத்தில் பிபிசியின் டூம்ஸ்டே திட்டம் ஒரு பாடம். 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டையொட்டி பிரிட்டனை நான்குக்கு மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஆயிரக்கணக்கான பள்ளிகளிடம் ஒப்படைத்தார்கள். பிள்ளைகள் தங்கள் ஊரை எழுதினார்கள், எண்ணினார்கள், படம் எடுத்தார்கள். 1986இல் எல்லாம் லேசர் தட்டுகளில் ஏறியது. அதைப் பார்க்கத் தேவையான சிறப்புக் கணினியும் தட்டு இயக்கியும் பல ஆயிரம் பவுண்டு விலை. தரவு சேகரித்த பல பள்ளிகளால் அதை வாங்க முடியவில்லை. 2002 வாக்கில் தட்டுகளைப் படிக்கும் கருவிகளே அரிதாகிவிட, ஆய்வாளர்கள் தனி மென்பொருள் எழுதி அவற்றை மீட்கவேண்டி வந்தது.

உழைப்பு அருமையானது. ஆனால் பக்கத்துக் கட்டத்துத் தரவைத் தன் கட்டத்தோடு ஒப்பிட்டு முடிவுக்கு வரும் வேலை பிள்ளைகளின் கைக்கு வரவேயில்லை. தரவு சேர்ப்பதோடு அலகு முடிந்துவிட்டது.

ஒரு குச்சி, இரண்டு ஊர்

குளோப் என்னும் பன்னாட்டுப் பள்ளித் திட்டம், 1995இல் செயல்படத் தொடங்கியது. அதில் மாணவர்கள் வெப்பநிலையை அந்தந்த ஊரின் உச்சிப்பொழுதை ஒட்டி அளக்க வேண்டும். உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் அலகாகவே விரிக்கலாம்.

மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைய வேண்டும். நிழல் நுனி காலையிலும் பிற்பகலிலும் வட்டத்தைத் தொடும் நேரங்களுக்கு நடுப்புள்ளி உச்சிப்பொழுது. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் அது 11.53 அளவில் வரும். பிப்ரவரி நடுவில் 12.23 ஆகிவிடும். புவியின் நீள்வட்டப் பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆனால் சென்னைப் பள்ளி தன் ஒருசில நாள் அளவைகளை மட்டும் வைத்துக்கொண்டு, இதில் பருவத்தின் பங்கு எவ்வளவு, இடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது. கோயம்புத்தூர்ப் பள்ளி ஒன்றும் அதே நாட்களில் அளந்து, இரண்டும் ஒரே இணைய விரிதாளில் பதிந்தால், ஆண்டு முழுவதும் இரு ஊருக்கும் இடையில் மாறாமல் நிற்கும் 13 நிமிட வேறுபாடு தெரியும். தீர்க்கரேகையின் பங்கு அது. விரிதாளுக்கும் கைபேசிக் கடிகாரத்துக்கும் இங்கே வேலை உண்டு. ஸ்டெல்லேரியம் போன்ற வானக் காட்சி மென்பொருளை அளந்து முடித்த பிறகே திறக்க வேண்டும். முன்பே திறந்தால் விடையை அது சொல்லிவிடும்.

வரலாறும் இந்த உச்சிப்பொழுதுக் கணக்கில் வந்து சேர்கிறது. ஆண்டு முழுவதற்குமான சராசரியில் சென்னையின் உச்சிப்பொழுது இந்திய நேரப்படி 12 மணிக்கு ஒன்பது நிமிடம் பிந்தியது. 1906இல் இந்தியப் பொதுநேரம் வருவதற்கு முன், மதராஸ் வானாய்வகத்தின் நேரத்தை வைத்தே ரயில்கள் ஓடின. அந்த மதராஸ் நேரத்துக்கும் இன்றைய நேரத்துக்கும் இடையே உள்ள வேறுபாடும் அதே ஒன்பது நிமிடம்தான்.

தமிழ்ப் பாடத்துக்கும் இங்கே மெய்யான பங்கு இருக்கிறது. அரண்மனை கட்டும் நூலறி புலவர், இரு கோல்களின் நிழலைக் கொண்டு நண்பகலில் திசை குறிப்பதை நெடுநல்வாடை காட்டுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைச் சித்திரை மாதத்தோடு பொருத்தி விளக்குகிறார். உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து குச்சியின் நிழல் விழாத நாள், சென்னையில் சித்திரையிலேயே, ஏப்ரல் 24 வாக்கில் வருகிறது; மதுரையில் அதற்கும் சில நாள் முன்னதாக. உரைகாரர் சொன்னது பொருந்துகிறதா என்று பிள்ளைகள் குச்சியை வைத்தே சோதிக்கலாம்.

நேரமும் மதிப்பெண்ணும்

பாடத்திட்டத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்ற ஆசிரியர்களின் மறுப்பு நியாயமானது. கணிதம் போன்ற பாடங்களுக்குப் படிப்படியான ஒழுங்கு உண்டு; எல்லாவற்றையும் இணைப்பு அலகுக்குள் அடைக்க முடியாது. 2016இல் நடைமுறைக்கு வந்த பின்லாந்தின் பாடத்திட்டமும் பாடங்களைக் கலைத்துவிடவில்லை. ஆண்டுக்குக் குறைந்தது ஒரு பல்துறை அலகு வேண்டும் என்றுதான் கேட்கிறது. இங்கும் ஆண்டுக்கு ஒன்று போதும்.

கருவிகள் பெரிய தடையல்ல. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடுகள் உள்ளன. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் உண்டு. ஆனால் அந்தக் குறியீடுகள் ஒவ்வொன்றும் ஒரு பாடத்தின் ஒரு பக்கத்தோடு கட்டுண்டு கிடக்கின்றன.

தேர்வைப் பொறுத்தவரை, அளக்காத ஊர் ஒன்றைக் கொடுத்துக் கேட்கலாம்: நவம்பர் முதல் வாரத்தில் நாகப்பட்டினத்தில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு? தீர்க்கரேகையும் வகுப்பு விரிதாளும் கையில் இருந்தால் 11.54 என்ற விடைக்கு வரலாம். கணக்கின் படிகளுக்குக் கணித ஆசிரியரும், காரணத்துக்குப் புவியியல் ஆசிரியரும், செய்முறையைத் தெளிவாக எழுதியதற்குத் தமிழாசிரியரும் தத்தம் பாடத்தில் மதிப்பெண் போடலாம். அதற்கு அந்த மூவரும் பருவம் தொடங்கும் முன் ஒன்றாக உட்கார ஒரு பாடவேளையைத் தலைமையாசிரியர் கால அட்டவணையில் ஒதுக்கித் தரவேண்டும்.