அறியாமல் செய்த பாவமா?

அறியாமல் செய்தாலும் பாவம் பாவமே என்கிறது லேவியராகமம் நான்காம் அதிகாரம். தெரியவந்ததும் பலி செலுத்த வேண்டும். திருச்சபைக்குள் நடந்த சாதிப் பாவம் அறியாமல் செய்ததா? வடக்கன்குளம் கோயிலில் வேளாளரையும் நாடாரையும் பிரித்த தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. அதை எதிர்த்து வேளாளர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். அறியாதவர் வழக்குப் போடுவதில்லை.

தலித் கிறித்தவருக்கோ பல ஊர்களில் தனி இடம், தனிக் கல்லறை நீடித்தன. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. இனி ‘தெரியாது’ என்று சொல்ல வழியில்லை.

சகேயு மனம் வருந்தியதோடு நிற்கவில்லை. ஏய்த்துப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். மன்னிப்புக் கேட்பவர்களிடம் நாம் கேட்பதும் அதுதான்: கல்லறைச் சுவரை இடியுங்கள், பள்ளியிலும் கல்லூரியிலும் ஆயர் பீடத்திலும் உரிய பங்கைத் தாருங்கள். மன்னிப்பது அதன்பிறகு நம் கையில்.