தோட்டப்புறக் கருப்பொருள்

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் நெடுங்காலம் நிலைத்திருக்கும் கருப்பொருள் ரப்பர் தோட்ட வாழ்க்கை. கங்காணிகள் ஆள் சேர்த்த காலம், சயாம் மரண ரயில், தோட்டத் துண்டாடல், நகரக் குடிபெயர்வு ஆகிய நான்கையும் அது தொட்டு வந்துள்ளது. பேராக் மாநிலத்துக்கு இதில் தனியிடம் உண்டு. 1877-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது இம்மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் நிற்கிறது.

கருப்பொருள் என்ற சொல்லுக்குப் பழைய பொருள் வேறு. தொல்காப்பிய மரபு அகப்பாடலின் பொருளை மூன்றாகப் பகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் போன்றவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரிப்பொருள். இன்றைய திறனாய்வு, கதையின் மையக் கருத்தையே கருப்பொருள் என்கிறது. ஆனால் தோட்டக் கதைகளை எடைபோடப் பழைய பகுப்புத்தான் கைகொடுக்கிறது. பால்மரம், உளி, லயம் எனும் வரிசை வீடு, கள்ளுக்கடை எல்லாம் வந்துவிட்டால் தோட்டக் கதை ஆகிவிட்டது என்று நின்றுவிட்ட படைப்புகள் ஏராளம். அவற்றின் உரிப்பொருள் எது என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

நல்ல தோட்டக் கதைகளில் நிலமும் உணர்வும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு மழை ஒன்றே போதும். சங்க முல்லையில் கார்காலம் தலைவன் திரும்பி வரும் பருவம். தோட்டத்தில் மழை வந்தால் அன்று சம்பளம் இல்லை. பட்டை நனைந்துவிட்டால் வெட்டிய சாய்கோட்டில் பால் ஓடாது. வழிந்து மரமெங்கும் பரவிவிடும், மங்கு எனும் பால் கிண்ணத்தில் சேராது. அதனால்தான் இருட்டில் எழுந்து பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். வெயில் ஏறுமுன் நிரை முழுவதும் வெட்டி முடித்தாக வேண்டும். வெப்பம் கூடினால் பால் சுரப்பு குறைந்துவிடும். இந்தக் கணக்கு தெரிந்த எழுத்தாளர் 'மழை தூறியது' என்று எழுதினாலே ஒரு வீட்டின் அடுப்பைப் பற்றி எழுதியதாக ஆகிவிடும்.

தொடக்கக் காலப் படைப்புகளில் தோட்டம் இல்லை என்றே சொல்லலாம். மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் நூல் 'காதலின் மாட்சி' என்ற மறுபெயரோடு 1917-ல் வந்தது. பெயரே அதன் நாட்டத்தைச் சொல்லிவிடுகிறது. 1930-ல் வெளியான வல்வை வே. சின்னையாவின் 'நவரச கதா மஞ்சரி' முதல் சிறுகதைத் தொகுப்பாகக் கொள்ளப்படுகிறது. அன்று எழுதியவர்களில் பலர் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த படித்தவர்கள். மரம் வெட்டியவர்களின் துயரம் அச்சில் ஏறுமுன்பே நாட்டுப்புறப் பாடல்களில் ஏறிவிட்டது. கங்காணியின் ஏமாற்றும் கடல் கடந்த பிரிவும் பாடல்களாக லயங்களில் புழங்கின. இக்கருப்பொருளின் உண்மையான தொடக்கம் அங்கேதான் என்று கொள்வதே சரி.

இந்திய அரசு 1938-ல் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் வந்து போகும் வழி குறுகியது. இந்த மண்ணே ஊர் என்ற எண்ணம் வலுத்தது. 1950-ல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, உள்நாட்டு வாழ்க்கையை எழுதும் ஒரு தலைமுறையை உருவாக்கியது. 1952 முதல் சில ஆண்டுகள் அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி இலக்கிய ரசனையை வளர்த்தார். கல்விப் புலத்தில், திணையியலைத் தன் ஆய்வுப் பொருளாகக் கொண்ட தனிநாயகம் அடிகள் 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 

வரலாறு தந்த கருப்பொருள்களில் சில தாமதமாகவே கதையாயின. 1942–43-ல் ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வெளிவர 1993 ஆயிற்று. பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதுதான் அவசரகாலப் பிரகடனத்துக்கு உடனடிக் காரணம். ஆனால் அந்தக் காலத்தை நாவலில் பேசிய அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'க்குப் பெயர் தந்த ஆறு பேராக்கில் அல்ல, சிலாங்கூரில் ஓடுகிறது.

தோட்டத் துண்டாடல் இக்கருப்பொருளின் உரிப்பொருளையே மாற்றியது. 1950களிலும் 60களிலும் வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாற, வேலையும் லயமும் ஒருசேரப் போயின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க வழி செய்தார். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் நெருக்கடி வந்தது. பலர் இந்தியா திரும்பினர். அதுவரை 'பிரிதல்' என்பது ஊரைவிட்டு இங்கே வந்ததைக் குறித்தது; இப்போது இங்கிருந்து போவதைக் குறித்தது. தமிழகத்து அகிலனும் 'பால்மரக் காட்டினிலே' நாவலுக்கு இத்தோட்டங்களைக் களமாக்கினார். கெடா எழுத்தாளர் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' தோட்டத்தைப் பரிதாபப் பொருளாகக் காட்டாமல் அதன் பேச்சையும் முரட்டுத்தனத்தையும் உள்ளபடி தந்தது. ம. நவீனின் 'பேய்ச்சி' (2019) அந்த வழியில் இன்னும் ஓரடி வைத்தது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது.

செம்பனை வந்து ரப்பரை ஒதுக்கியபின் தோட்ட மக்கள் ஈப்போ போன்ற நகரங்களின் தமான் குடியிருப்புகளுக்கும் பிறர் வீட்டு வேலைக்கும் போனார்கள். இந்நிலையை எழுதியவற்றுள் ஒன்று ஆங்கில நாவல். ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசனின் 'ஈவ்னிங் இஸ் தி ஹோல் டே' (2008), வசதி படைத்த ஈப்போ வழக்கறிஞர் குடும்பத்தையும் அங்கிருந்து துரத்தப்படும் தோட்டத்துப் பெண்ணான வேலைக்காரியையும் பற்றியது. நாவலின் தலைப்பு குறுந்தொகையின் 234ஆம் பாடலிலிருந்து வந்தது. அது முல்லைத் திணைப் பாட்டு. மொழி ஆங்கிலம் என்பதால் இதைத் தமிழ்க் கருப்பொருள் வரலாற்றில் சேர்ப்பதா என்ற கேள்வி எழலாம். பால்மரமும் லயமும் பின்னால் போய், தோட்டத்திலிருந்து வந்தவளின் நிலையே முன்னால் நிற்கும் கதை என்பதால் இங்கே சேர்க்கப்பட்டுள்ளது.