பிள்ளை எந்த ஊர்க்காரர்? 1914இல் லண்டன் சொன்ன பதில்

தேங்காய்ப்பட்டணத்தில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. 1956 நவம்பர் 1 வரை எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாநிலம்தானே. கல்யாணம் முறிந்து, பிள்ளை யாரிடம் இருப்பது என்று பிரச்சினை வரும்போதுதான் அந்தக் கோடு கண்ணில் படும். நாகர்கோவில் கோர்ட்டா, திருவனந்தபுரம் கோர்ட்டா?

இதற்கான சட்டம் 1890இல் வந்த கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். அதன் 9ஆம் பிரிவுப்படி, மைனர் பிள்ளை ‘வழக்கமாக வசிக்கும்’ இடத்து மாவட்ட நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். அப்பா, அம்மா எங்கே இருக்கிறார்கள் என்பது இங்கே கணக்கில்லை. படிக்க எளிதாக இருக்கும் இந்த ஒற்றை வரி, மெட்ராஸில் இரண்டு முறை ஜெயித்த ஒரு தகப்பனைக் கடைசியில் தோற்கடித்தது.

அந்தத் தகப்பன் நாராயணையா, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் அப்பா. 1910இல் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் அன்னி பெசன்ட்டின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். 1912இல் பெசன்ட் இருவரையும் இங்கிலாந்துக்குப் படிக்கக் கூட்டிப் போனார். அதற்குள் தகப்பனுக்கு மனம் மாறிவிட்டது. அந்த வருடம் அக்டோபரில், பிள்ளைகளைத் திருப்பித் தரச் சொல்லி செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அடையாறு அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. வழக்கு பிறகு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது.

தகப்பனுக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக வந்த அதே சி.பி.தான். பெசன்ட் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். 1913 ஏப்ரல் 15 அன்று நீதிபதி பேக்வெல், மே 26க்குள் பிள்ளைகளை அப்பாவிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். அப்பீலிலும் தகப்பனுக்கே வெற்றி.

பெசன்ட் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914இல் அங்கே எல்லாம் தலைகீழானது. யார் நல்ல பாதுகாவலர் என்ற கேள்விக்குள் அவர்கள் போகவே இல்லை. ப்ரோக்ராமில் முதல் வரியிலேயே இன்புட்டைச் சரிபார்த்து வெளியே அனுப்புவோமே, அந்த மாதிரி. ஆக்ஸ்போர்டில் படிக்கும் எண்ணத்தோடு மாதக்கணக்கில் முன்பே இந்தியாவை விட்டுப் போன பையன்கள், செங்கல்பட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? மாவட்ட நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரம், வழக்கை மாற்றியதால் மட்டும் ஹைகோர்ட்டுக்கு வந்துவிடாது. தகப்பன் இங்கிலாந்து ஹைகோர்ட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: வழக்கில் பையன்கள் தரப்பில் பேச யாருமே இல்லை. 1895இல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி அதற்குள் மைனர் வயதையே தாண்டியிருந்தார்.

பிள்ளை இருக்கும் இடத்து கோர்ட்டுக்குத்தான் அதன் பள்ளியும் வீடும் பழக்கமும் தெரியும். பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கவும் முடியும். இதுதான் விதியின் நியாயம். ஆனால் மெட்ராஸில் இருக்கும் ஒருவர் லண்டனில் போய் வழக்காட எவ்வளவு செலவாகும்? பிள்ளை யார் கையில் இருக்கிறதோ, அவர் பக்கம் தராசு கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையே இதே சண்டை வந்தபோது, 1997 மாதிரிச் சட்டத்தில் ஒரு கணக்கு வைத்தார்கள்: கடைசி ஆறு மாதம் பிள்ளை வாழ்ந்த மாநிலமே சொந்த மாநிலம். நம் 9ஆம் பிரிவில் மாதக் கணக்கு கிடையாது. ‘வழக்கமாக வசிப்பது’ என்பது சட்டத்தை மட்டும் வைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை, உண்மைகளையும் பார்த்தாக வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போன இடத்தைப் பொதுவாக கோர்ட் அப்படியே ஏற்பதில்லை. அதேசமயம் வருடக்கணக்கில் அங்கேயே பள்ளிக்குப் போய் வந்த பிள்ளையை அந்த ஊர் இல்லை என்றும் சொல்வதில்லை.

ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற கேள்விக்குப் பதில் பெற்றோரின் ரேஷன் கார்டில் இல்லை. பிள்ளை தினமும் காலையில் எந்தப் பள்ளிக்குப் பை தூக்கிப் போகிறது என்பதில் இருக்கிறது. நாராயணையா கதையில் மெட்ராஸ் தவறவிட்டதும் அதைத்தான்.