நான்கு வயதுக் கோடு: தானா ராத்தாவில் குழந்தைக் காப்பின் வரலாறு

விடுமுறைக்கு வரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பகற்பொழுதில் பொறுப்பேற்று விளையாட வைக்கும் கூடத்தை இன்றைய உல்லாச விடுதிகள் 'கிட்ஸ் கிளப்' என்று அழைக்கின்றன. விடுதிக்கு விடுதி சிறிது மாறினாலும், அக்கூடங்களில் பரவலாகக் காணப்படும் விதி ஒன்றுதான்: நான்கு வயது நிரம்பிய பிள்ளை பெற்றோர் துணையின்றி உள்ளே இருக்கலாம், நிரம்பாத பிள்ளையோடு பெற்றோரில் ஒருவரோ தனிப் பணிப்பெண்ணோ உடனிருக்க வேண்டும், ஏறத்தாழ பன்னிரண்டு வயதைக் கடந்தவருக்கு அங்கே இடமில்லை. இந்த வயது வரம்பு குழந்தையின் வளர்ச்சியை மட்டும் கருதி வகுக்கப்பட்டதாகத் தோன்றினாலும், அதன் வரலாற்றில் பெரியவர்களின் வேலையும் ஓய்வும் செலவுமே முதன்மையாக நின்றிருக்கின்றன. மலேசியாவின் பஹாங் மாநிலத்தில் கேமரன் மலையின் தலைமை ஊராக விளங்கும் தானா ராத்தாவும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் இதற்குத் தெளிவான சான்று. சில மைல் தொலைவுக்குள் வாழ்ந்த வெள்ளைத் துரையின் பிள்ளைக்கும் படைவீரரின் பிள்ளைக்கும் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் பிள்ளைக்கும் அங்கே வெவ்வேறு வயதுக் கோடுகள் வரையப்பட்டிருந்தன.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைப் பதிவு செய்தபோதும், நாற்பது ஆண்டுகள் வரை அது காடாகவே கிடந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பஹாங் ஆகிய நான்கும் இணைந்த கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலராக இருந்த சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் 1925இல் இங்கு வந்து பார்த்த பின்னரே, மலைவாழிடம் ஒன்றை உருவாக்கும் திட்டம் வேகம் பெற்றது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது. வெப்ப மண்டலத்து வெயிலில் ஐரோப்பியக் குழந்தை சில ஆண்டுகளுக்கு மேல் நலமாக வளராது என்பதும், பள்ளி வயதை எட்டுமுன் அதைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதும் அக்கால மருத்துவத்தில் ஊறிய நம்பிக்கைகள். உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில் 1858இலேயே லாரன்ஸ் பள்ளி தோன்றியதற்கும், அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் தானா ராத்தாவில் உறைவிடப் பள்ளிகள் தோன்றியதற்கும் பின்னணியில் நின்றது இதே கருத்துத்தான்.

சிங்கப்பூரில் 1925இல் டாங்லின் பள்ளியைத் தொடங்கிய ஆன் கிரிஃபித் ஜோன்ஸ், 1934இல் கேமரன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளியைத் திறந்தார். ஆறேழு வயதில் கப்பலேறிப் பெற்றோரைப் பல ஆண்டுகள் பிரியவிருந்த ஆங்கிலேயப் பிள்ளைகள், மலாயாவிலேயே மேலும் சில ஆண்டுகள் தங்கிப் படிப்பதற்கு அது வழி செய்தது. குழந்தை இயேசு சபைக் கன்னியரின் கான்வென்ட்டும் அதே காலத்தில் தானா ராத்தாவில் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிரிட்டிஷ் இராணுவம் தன் வீரர்களின் பிள்ளைகளுக்காக 1951இல் தானா ராத்தாவில் ஸ்லிம் பள்ளி என்னும் உயர்நிலை உறைவிடப் பள்ளியை நிறுவி, 1964 வரை நடத்தியது. இவ்வாறு பெற்றோரின் பதவிக்கும் பணியிடத்துக்கும் ஏற்பப் பிள்ளையின் பிரிவு வயது தள்ளிப்போடப்பட்டது. அதற்கு மலைக்காற்று தக்க காரணமாகவும் அமைந்தது.

பள்ளி வயதுக்குக் கீழிருந்த வெள்ளைக் குழந்தைகளைப் பொறுத்தவரை, மலைக்கு ஓய்வெடுக்க வந்த குடும்பங்களுக்குக் கூடம் எதுவும் தேவைப்படவில்லை. 'ஆமா' எனப்பட்ட சீனப் பணிப்பெண்ணோ இந்திய ஆயாவோ வீட்டோடு இருந்ததால், குழந்தைக் காப்பு என்பது ஓர் ஆளாக இருந்ததேயன்றி ஓர் இடமாக இருக்கவில்லை. ஆள் தனியாக இருக்கும்வரை வயது வரம்புக்கும் தேவையில்லை. ஒரு பணியாளர் பல வீட்டுக் குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய நிலை வரும்போதுதான், யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற கேள்வி பிறக்கிறது. இங்கிலாந்தில் ஆயா வைத்துக்கொள்ள வசதியற்ற உழைப்பாளர் குடும்பங்களுக்காக பில்லி பட்லின் 1936இல் ஸ்கெக்னஸ் கடற்கரையில் திறந்த விடுமுறை முகாமில், பிள்ளைகளை முகாம் ஊழியரே கவனித்துக்கொண்ட ஏற்பாடு இவ்வகையில் ஒரு முன்னோடி. பிற்கால விடுதிகளின் 'கிட்ஸ் கிளப்' கூடங்களின் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே, உழைக்கும் தாய்மாரின் குழந்தைகளை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழர் வாழ்ந்த தோட்டங்கள் அறிந்திருந்தன. ஓய்வுக்காக அன்று, வேலைக்காக.

ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகியவர்களின் அனுபவம் அதற்குத் துணையாக நின்றது. அதனோடு இலங்கைத் தோட்டங்களின் உழைப்பு முறையும் மலையேறியது. ரப்பர் தோட்டத்தில் ஆணும் பெண்ணும் மரம் சீவினர். தேயிலையிலோ கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை என்று வகுக்கப்பட்டிருந்தது. இளந்தளிர் முற்றுவதற்குள் பறித்தாக வேண்டும், பறித்ததை அன்றே ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்பதால், பறிக்கும் பெண்ணின் வரவில் ஒரு நாள் தவறினாலும் தோட்டத்துக்கு இழப்பு. ஆகவே ஒரு தாயைக் குழந்தையிடமிருந்து விடுவிப்பது நிர்வாகத்தின் நலனோடு நேரடியாகப் பிணைந்தது. மலாயாத் தோட்டங்களில் 'ஆயாக் கொட்டகை' என்றும், இலங்கைத் தோட்டங்களில் 'பிள்ளைமடுவம்' என்றும் வழங்கிய குழந்தைக் காப்பிடம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

விடியுமுன் 'பெரட்டு' எனப்பட்ட ஆள்கணக்கெடுப்புக்கு முன்னதாகவே தாய்மார் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுச் செல்வர். தோட்ட வேலைக்கு உடல் இடங்கொடாத மூத்த பெண்ணொருத்தி பெரும்பாலும் அங்கே ஆயாவாக நியமிக்கப்படுவாள். கூரைக் கட்டையில் வரிசையாகக் கட்டிய சேலைத் தொட்டில்களை ஆட்டுவதும், பால் கரைத்துக் கொடுப்பதும், தவழும் பிள்ளை வாசலைத் தாண்டாமல் பார்ப்பதும் அவளுடைய கடமைகள். சமவெளித் தோட்டத்து ஆயாவுக்கு இல்லாத ஒரு தொல்லை கேமரன் மலையின் ஆயாவுக்கு உண்டு: ஆயிரத்து நானூறு மீட்டருக்கும் உயரத்தில் காலைக் குளிரும் ஓயாத மழையும் கைக்குழந்தையின் நெஞ்சைத் தாக்குபவை. இத்தனைப் பொறுப்பையும் சுமந்த பெண்களின் பெயர்கள் தோட்ட வரலாறுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. தோட்டங்களைத் திறந்தவர்களின் பெயர்கள் மட்டும் நிலைத்திருப்பது நேர்மையான பதிவாகாது.

இக்கொட்டகைக்கு மேல் எல்லையை வகுத்தது பள்ளி. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வாழும் தோட்டத்தில் பள்ளி ஒன்றை நடத்துமாறு முதலாளியைப் பணித்தது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி போன்ற தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இம்மரபின் தொடர்ச்சியே. ஆனால் சட்டம் வரைந்த ஏழு வயது என்ற கோட்டுக்கும் கொட்டகையின் தொட்டில் பருவத்துக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருந்தது. தொட்டிலை விட்டிறங்கிய, பள்ளிக்கு இன்னும் தகாத நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை 'லயன்' எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீட்டின் முற்றத்தில் அக்காளின் பொறுப்பில் வளர்ந்தது. அந்த அக்காளுக்கே எட்டோ ஒன்பதோ தான் இருக்கும். தம்பி தங்கையைப் பார்ப்பதற்காகப் பள்ளியை விட்ட பெண் பிள்ளைகள் தோட்டந்தோறும் இருந்தனர். வயது வரம்புகளைப் பற்றிய எந்த ஆய்விலும் முதலில் இடம்பெற வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஏனெனில் ஒரு கூடம் எந்த வயதோடு கதவை மூடுகிறதோ, அந்த வயதுக்கு அப்பால் இருப்பவரின் பொறுப்பு வேறொரு குழந்தையின் தோளில் ஏறிவிடுகிறது.

இந்தியா இந்த வெற்றிடத்தை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் நேரடியாக எதிர்கொண்டது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில், அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அது விதித்ததால், நீலகிரியிலும் ஆனைமலையிலும் காப்பகத்தின் மேல் எல்லையும் பள்ளியின் தொடக்க எல்லையும் ஏறத்தாழ ஒன்றையொன்று தொட்டன.

மலேசியா வேறு பாதையில் சென்றது. சிறுவர், இளையோர் வேலைவாய்ப்பு பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரின் உழைப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அவ்வெல்லை பின்னாளில் 15 ஆயிற்று. 1984ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் பெற்றுப் பார்க்கும் இடத்தைக் காப்பகம் என வரையறுத்து, அது சமூகநலத் துறையில் பதிவுபெற வேண்டும் என்றது. மலாய்ச் சுருக்கப் பெயரால் அது 'தஸ்கா' எனப்படுகிறது. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ளோர் 'தடிகா' எனப்படும் பாலர் பள்ளிக்கு உரியவராகிக் கல்விச் சட்டத்தின்கீழ் வந்தனர். காப்பக விதிகளின்படி, ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் தேவை. ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர் போதும். விடுதிகளின் 'கிட்ஸ் கிளப்'களில் நான்கு வயது ஏன் பரவலான எல்லையாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள இக்கணக்கு பெரிதும் உதவும். கழிப்பறைக்குத் தானே போகத் தெரிந்த, தன் தேவையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆட்செலவு குறைவு. அதற்குக் கீழே செலவும் சட்டப் பொறுப்பும் ஒருசேர ஏறுகின்றன.

சுற்றுலாத் தொழில் இந்த வயது ஏணியை விலைப்பட்டியலாகவே மாற்றியிருக்கிறது. 1950இல் பிரான்சில் தோன்றிய கிளப் மெட் நிறுவனம் 1967இல் தன் 'மினி கிளப்'பைத் தொடங்கியது. அது ஆசியாவில் அமைத்த முதல் விடுதி, 1980 வாக்கில் இதே பஹாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரையில் எழுந்தது. அந்நிறுவனத்தின் வகுப்புமுறையில் நான்கு மாதம் முதல் இருபத்து மூன்று மாதம் வரை ஒரு பிரிவு, இரண்டும் மூன்றும் வயதினருக்கு ஒரு பிரிவு, நான்கு முதல் பத்து வயதினருக்கு ஒரு பிரிவு எனக் கோடுகள் நுணுக்கமாகப் போடப்பட்டுள்ளன. கீழ்ப்பிரிவுகளுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. தொட்டில் வயதுக் குழந்தையைப் பிறரிடம் விட்டுச்செல்ல அன்று தோட்டத்துத் தாயைத் தூண்டியது கூலி இழப்பின் அச்சம்; இன்று விருந்தினர் தம் ஓய்வுக்காக அதே வயதுக் குழந்தையை விட்டுச்செல்லப் பணம் செலுத்துகின்றனர்.

தானா ராத்தாவில் இன்று விடுதிகளும் உணவகங்களும் காய்கறித் தோட்டங்களும் பெருகிவிட்டன. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் பல லயன்களை விட்டு ஊருக்குள் வந்து இத்தொழில்களில் கலந்துவிட்டன. பள்ளி விடுமுறைதான் விடுதிக்கு வேலை மிகும் காலம் என்பதால், விருந்தினரின் அறையைத் துப்புரவு செய்யும் தாய்க்குத் தன் பிள்ளை வீட்டிலிருக்கும் நாட்களே ஓய்வில்லாத நாட்களாகின்றன. 'கெமாஸ்' எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறையின் பாலர் வகுப்புகள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஓரளவு துணை நிற்கின்றன என்றாலும், அவை பள்ளி நாட்காட்டியைத் தழுவி நடப்பவை. விடுதியின் நாட்காட்டிக்கு அவை ஈடுகொடுப்பதில்லை. விருந்தினர் பிள்ளைக்குக் கூடம் அமைக்கும் விடுதி, தன் ஊழியரின் பிள்ளைக்கும் அதே கூரையின்கீழ் இடம் ஒதுக்குவது பெரிய செலவன்று. தோட்ட முதலாளிக்குச் சட்டம் முன்பே விதித்த கடமையை ஒத்ததே அது.

மலைச்சரிவிலோ, கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்க்கே வழங்கப்படும் தற்காலிக வேலை அனுமதி, குடும்பத்தை உடன் அழைத்துவர இடந்தருவதில்லை. இங்கே மணம் முடிக்கவும் அது தடை விதிக்கிறது. முன்பு கங்காணி என்ற ஆள்திரட்டுவோர் வழியே தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி முறை எத்தனையோ கொடுமைகளைச் சுமந்திருந்தும், தாயையும் குழந்தையையும் ஒரே கப்பலில் கொண்டுவந்தது. அதனாலேயே கொட்டகைக்கும் பள்ளிக்கும் தேவை எழுந்தது. இப்போது தளிர் பறிப்பவரின் குழந்தை எந்த வயதிலும் இம்மலைக்கு வர முடியாதாகையால், ஆயாக் கொட்டகைக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று.