புயலுக்கு முன்னும் பின்னும்: கடலூர், சிதம்பரம் வட்டார மஹல்லாக்களுக்குச் சில குறிப்புகள்



ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்துக்காரர்களின் காது வானிலைச் செய்தியை விட்டு நகராது. 2004-இல் சுனாமி, 2011-இல் தானே, 2015-இல் பெருவெள்ளம், 2020-இல் நிவர், 2024-இல் ஃபெஞ்சல் என்று இருபது ஆண்டுகளில் இவ்வளவும் பார்த்தாகிவிட்டது. இருந்தும் நம் மஹல்லாக்களில் பெரும்பாலானவற்றில் எழுதிவைத்த புயல் ஏற்பாடு என்று ஒன்று இல்லை. வந்தபின் ஓடுவதில் நம் இளைஞர்களுக்கு நிகரில்லை. வருமுன் செய்ய வேண்டியதில்தான் நமக்குக் குறை.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்ற சொல் உண்மை. அதையே சும்மா இருப்பதற்குச் சாக்காக ஆக்குவது சரியல்ல. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா என்று கேட்டவரிடம், கட்டிப்போட்டுவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதீயில் பதிவான செய்தி. பஞ்சம் வருமுன் ஏழு ஆண்டுகள் கதிரோடு தானியத்தைச் சேமிக்கச் சொன்ன யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் பயானில் சொல்கிறோம். பள்ளிவாசல் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று அக்டோபரில் பார்ப்பதும் அந்தப் பாடத்தில் அடக்கம்தான்.

தானே சொல்லித்தந்தது

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. ஃபஜ்ருக்குப் பின் காலை 6.30 முதல் 7.30 மணிக்குள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் ஒரே காலையில் சாய்ந்தன. புதிதாக நட்ட கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்தக் குடும்பங்களுக்குப் புயல் ஒரு நாளில் முடிந்துவிடவில்லை.

இந்த இடத்தில் ஒரு விவரத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். புயலின் கண் நம்மைக் கடந்தால் காற்று சட்டென்று அடங்கும், வானம் வெளிறும். முடிந்தது என்று எண்ணி வெளியே வந்து மரத்தையும் கூரையையும் பார்க்கத் தொடங்குவோம். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். நம் கடற்கரையில் முதலில் வடக்கிலிருந்து வீசியது பிறகு தெற்கிலிருந்து வரும். முதல் காற்றில் வேர் தளர்ந்த மரமும் ஆணி தளர்ந்த தகரமும் இரண்டாவது காற்றில்தான் விழும். எனவே அமைதி வந்தாலும், அதிகாரிகள் அறிவிக்கும் வரை பள்ளிவாசல் கதவையோ வீட்டுக் கதவையோ திறந்து வெளியே வரக்கூடாது.

அன்று பல பள்ளிவாசல்களில் ஜுமுஆவின் பாங்கு வெறுங்குரலில்தான் ஒலித்தது. பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்துகிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து வேலை செய்தும், சில கிராமங்களுக்கு மின்சாரம் வரப் பல வாரங்கள் ஆயின. கம்பம் விழுந்தால் போவது விளக்கு மட்டுமல்ல. மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிரம்பாது, குடிக்கவும் ஒளு செய்யவும் தண்ணீர் இருக்காது. கைபேசிக் கோபுரங்களும் பேட்டரியும் டீசலும் தீர்ந்ததும் ஓய்ந்துவிடும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளை தாய்க்கு என்ன ஆனதோ என்று தவிப்பான். மின்சாரம் ஒன்று போனால் எல்லாமே போகிறது என்பதுதான் தானேயின் பெரிய பாடம்.

அதன்பின் உலக வங்கிக் கடனுதவியோடு கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம் வந்தது. கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுசெல்லும் பணி அதில் சேர்க்கப்பட்டது. கடற்கரைக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்களும் கட்டப்பட்டன. நல்ல பணிதான். ஆனால் தரைக்கடி கேபிளுக்குக் காற்று பகையல்ல, தண்ணீர் பகை. தெருவோரத்து மின் பெட்டி வெள்ளத்தில் நின்றால் அருகில் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

கூண்டு எண் என்ன சொல்கிறது?

கடலூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு, ஐந்தாம் எண் கூண்டு என்று செய்தியில் கேட்கிறோம். எண் கூடினால் ஆபத்து கூடும் என்பது பொதுவாகச் சரி. 1, 2 என்றால் புயல் சின்னம் தொலைவில் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே வானிலை கெடும். 5, 6, 7 மூன்றும் புயலின் ஆபத்தைக் குறிப்பவை. துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்குமா, வலப்பக்கம் விட்டா, நேராக அதன்மேலா என்பதே அந்த எண்களுக்கிடையிலான வேறுபாடு. 8, 9, 10 அதே வரிசைதான். புயல் மட்டும் கடுமையானது. 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஆக 5-லிருந்து 6-க்கு மாறினால் புயல் வலுத்துவிட்டது என்று வாட்ஸப்பில் பரப்புவது தவறு.

வானம் வெளுத்த பிறகு வரும் வெள்ளம்

கடலூர் மாவட்டத்தை வடிகால் மாவட்டம் என்பார்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் நம் வழியாகவோ நம் ஓரமாகவோதான் கடலுக்குப் போகின்றன. மேற்கே எங்கோ பெய்த மழை இரண்டு நாள் கழித்து நம் வாசலுக்கு வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. பிறகு உள்நாட்டுக்குப் போய் அங்கும் பெய்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிடப்பட, தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகள் மூழ்கின. காற்று ஓய்ந்ததும் பாய் தலையணையை மாடியிலிருந்து கீழே இறக்கியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். 2015 நவம்பர் 9-இலும் அப்படித்தான். நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை, பண்ருட்டி வட்டாரத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஊர்களுக்குள் காட்டாற்று வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. அந்த மழையைக் கொண்டுவந்தது புயல்கூட அல்ல, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான்.

லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் பக்கத்தார் வீராணம் ஏரியின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முழுக் கொள்ளளவு 47.5 அடி. அதை நெருங்கும்போது வெள்ளியங்கால் ஓடை வழியே உபரி நீரைத் திறப்பார்கள்; தாழ்ந்த வயல்களும் தெருக்களும் அந்த வழியில்தான் இருக்கின்றன. சிதம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் கொள்ளிடத்தில் எவ்வளவு விடுகிறார்கள் என்று கேட்டு வைக்க வேண்டும். புயல் கடந்த பின் குறைந்தது மூன்று நாட்கள் அணைத் திறப்புச் செய்தியைக் கேட்டு, ஆற்றோர, ஓடையோரத் தெருக்களில் அறிவிக்க மஹல்லாவில் ஒருவரைப் பொறுப்பாக்குவது நல்லது.

பள்ளிவாசலும் மத்ரஸாவும்

முதலில் மேலே பாருங்கள். மினாராவில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள், மாடித் தகரக் கொட்டகை, சூரியத் தகடுகள், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஆகியவைதான் புயலில் பறப்பவை. தகரத்தை வெறும் ஆணியால் அடிக்காமல், கொக்கி போல்ட்டால் இரும்புச் சட்டத்தோடு இறுக்க வேண்டும். ஓர வரிசையில் போல்ட்டு நெருக்கமாக இருக்க வேண்டும், காற்று அங்கிருந்துதான் உரிக்கத் தொடங்கும். காலித் தொட்டி பறக்கும், நிரம்பிய தொட்டி நிற்கும். ஆகவே முதல் நாளே நிரப்பிவையுங்கள். மின்சாரம் போனபின் அந்தத் தண்ணீர்தான் தெருவுக்கே உதவும். தென்னையின் காய்ந்த மட்டையையும் முற்றிய காய்களையும் செப்டம்பரிலேயே இறக்கிவிட வேண்டும்.

ஜெனரேட்டரைத் தரைமட்டத்தில் வைத்துவிட்டு, வெள்ளத்தில் அது மூழ்கியதைப் பார்த்துக் கைபிசைந்த மஹல்லா நமக்குத் தெரியும். பழைய வெள்ளம் எந்த மட்டம் வரை வந்தது என்பது சுவர்க் கறையிலேயே தெரியும். அதற்கு மேல் மேடை கட்டி வையுங்கள். மூடிய அறைக்குள் ஓட்டாதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேராக லைனில் கொடுப்பது பெரும் பாவத்துக்கு இழுத்துப்போகும். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போனால், அங்கே நமக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போகும்.

அடுத்தது பதிவேடுகள். இதில்தான் நமக்கு மிகுந்த கவலை. நிகாஹ் பதிவேடு, வக்ஃபு ஆவணங்கள், கபர்ஸ்தான் பத்திரம் எல்லாம் அலுவலகத்தின் கீழ்த்தட்டில் இரும்பு பீரோவில் கிடக்கும். வெள்ளம் வடிந்தபின் ஒரு மஹல்லாவில் பழைய நிகாஹ் பதிவேட்டைத் திறந்தபோது பக்கம் பக்கமாக மை கரைந்து நீலமாக இருந்தது. அடுத்த ஆண்டு ஒரு விதவைச் சகோதரி, கணவரின் குடும்பத்தார் தன்னை மனைவி என்றே ஏற்க மறுக்கிறார்கள் என்று நிகாஹ் நகல் கேட்டு வந்தார். கையெழுத்திட்ட சாட்சிகள் இருவரும் மௌத்தாகியிருந்தார்கள். எங்களால் கொடுக்க முடிந்தது ஒரு சான்றுக் கடிதம் மட்டுமே. ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் இருவரிடமும் ஒரு பிரதி வைத்தால் போதும். ஒரு நாள் வேலை.

குர்ஆன் பிரதிகளைக் கீழ் அலமாரியிலிருந்து முன்கூட்டியே மேலே ஏற்றுங்கள். நனைந்தவற்றை வெயிலில் விரிக்க வேண்டாம். பக்கங்களுக்கிடையே உறிஞ்சும் தாள் வைத்து, நிழலில் காற்றோட்டமாக உலர்த்தினால் பல பிரதிகள் தப்பும். ஓத முடியாதபடி கெட்டுப்போனதைத் தூய துணியில் சுற்றி, கால் மிதிபடாத இடத்தில் அடக்கலாம்.

தொழுகையும் மையித்தும்

கடுங்காற்றும் மழையுமான இரவில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு அறிவிக்கச் செய்தது நபிவழி. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் அச்செய்தி புகாரியில் இருக்கிறது. புயல் இரவில் அப்படி அறிவிக்க எந்த இமாமும் தயங்க வேண்டியதில்லை. இமாம் அழைத்தார், வரும் வழியில் கம்பி மிதித்தேன் என்ற நிலை யாருக்கும் வரக்கூடாது. மழைக்காக ஜமாஅத்தில் இரு தொழுகைகளை முற்படுத்திச் சேர்த்துத் தொழுவது ஷாஃபிஈ மத்ஹபில் நிபந்தனைகளோடு உண்டு. ஹனஃபீ மத்ஹபில் இல்லை. இரு மத்ஹபினரும் கலந்து வாழும் ஊர்களில் இதை முன்பே பேசிவைத்தால், வெள்ள நேரத்தில் வாக்குவாதம் இருக்காது.

கபர்ஸ்தானில் தண்ணீர் நின்றால்? பெட்டியில் வைத்து அடக்குவது சாதாரண நிலையில் மக்ரூஹ். ஆனால் மண் ஈரமாகவோ இளகியோ இருந்தால் மரப்பெட்டி பயன்படுத்த ஃபிக்ஹ் நூல்கள் இடம் தருகின்றன. நான்கைந்து பலகைகளையும், மணல் மூட்டைகளையும், தண்ணீர் இறைக்கும் சிறு டீசல் இயந்திரத்தையும் தயாராக வைப்பது மஹல்லாவின் கடமை. மேடான பகுதியில் ஓரிரு இடங்களை மழைக்காலத்துக்கென்று ஒதுக்கியும் வைக்கலாம்.

தங்கவைப்பதும் கணக்கு வைப்பதும்

சுனாமி நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றுக் கிராமத்து மீனவ மக்களுக்கு உணவும் இடமும் கொடுத்து அரவணைத்ததை இந்தக் கடற்கரை இன்றும் பேசுகிறது. மாற்று மதத்தவரைப் பள்ளியில் தங்கவைக்கலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். தாயிஃபிலிருந்து வந்த ஸகீஃப் கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்கும் முன்பே நபியின் பள்ளியில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். ஆயினும் பெண்களும் குழந்தைகளும் நாட்கணக்கில் இருக்கத் தொழும் இடத்தைவிட மத்ரஸா மாடியும் திருமண மண்டபமும்தான் வசதி. மாதவிடாய்ப் பெண்களுக்கும் சங்கடம் இராது. கழிவறை எத்தனை, தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை முதலில் பாருங்கள். பிரியாணி டேக்சாவைப் பிறகு யோசிக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று கணக்குகள் வேண்டும். ஏழைகளுக்கான ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்குரியது என்பதே மத்ஹபு இமாம்களின் பொதுவான நிலைப்பாடு. ஸதகாவும் பொது நன்கொடையும் யாருக்கும் கொடுக்கலாம். பக்கத்துத் தெரு மாரியம்மாளின் கூரைக்கு இதிலிருந்து தாராளமாகக் கொடுங்கள். பள்ளிவாசல் வக்ஃபு வருமானம் பள்ளிக்கே உரியது. வளாகத்தில் விழுந்த மரத்தை விற்ற காசும் அதில்தான் சேரும், வெட்டியவர் வீட்டுக்குப் போகக்கூடாது.

சேதமடைந்த வீட்டைக் கழுவுமுன் படமெடுங்கள். தண்ணீர் நின்ற மட்டம் படத்தில் தெரியட்டும். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது, ஜமாஅத் சார்பில் ஒருவர் கூடவே போக வேண்டும். வாடகை வீட்டுக்காரரும், ஆண் துணையில்லாத பெண்களும்தான் எப்போதும் பட்டியலில் விடுபடுகிறார்கள். மூழ்கிய மோட்டார் சைக்கிளை உடனே உதைத்துக் கிளப்பாதீர்கள், மெக்கானிக் பார்க்கட்டும். கிணற்றை இறைத்துக் குளோரின் போடும்வரை, தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987. இவற்றைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் பெயிண்டால் எழுதிவையுங்கள். காகிதத்தில் ஒட்டினால் முதல் மழையிலேயே போய்விடும்.