சுட்ட தோட்டாவுக்கு மறுஜென்மம்: பித்தளைக் கூடும் 'டை'யும், ஒரு குடத்தின் கதையும்!

குருவிநத்தத்தில் எங்க அம்மாச்சி வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு பித்தளைக் குடம் ரொம்ப வருஷமாகக் கவிழ்த்து வெச்சிருந்தது. போன பொங்கலுக்கு எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தால், கழுத்துப் பக்கம் நீளமாக ஒரு விரிசல். யாரும் கீழே போடலை, எதுவும் இடிக்கலை. "அது பாட்டுக்கு வெடிச்சிருக்கு பாரு"ன்னு அம்மாச்சி ஆச்சர்யப்பட்டாங்க.

'பித்தளை தானாக வெடிக்குமா?'ன்னு தேடிப் போனப்போ எனக்குக் கிடைத்தது, துப்பாக்கித் தோட்டாக்களின் கதை.

மழைக்காலம், குதிரை லாயம், வெடித்த தோட்டா

பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவத்தின் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பது உண்டு. மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால், பித்தளைக் கூடுகளில் விரிசல் இருக்கும். பருவமழையை ஒட்டி வந்ததால் அதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921-ல்தான் தெளிவானது. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, ஈரக்காற்று, கூட்டை அழுத்தி இழுத்துச் செய்யும்போது உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும் இறுக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். அளவாகச் சூடுபடுத்தி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் தீர்வு.

எங்க கொட்டகையில் குதிரை இல்லை, மாடு இருந்தது. மத்தபடி கதை ஒண்ணுதான் போல!

இதைப் படிக்கும்போதுதான் வெளிநாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், 'ரீலோடிங்' என்று ஒரு பெரிய பொழுதுபோக்கே இருப்பது தெரிந்தது. சுட்டு முடித்த காலிக்கூட்டைச் சரிசெய்து மறுபடி தோட்டாவாக்குவது. அதன் மொத்த சூட்சுமமும் பித்தளையில்தான் இருக்கு.

ஒரு தோட்டாவில் என்னென்ன இருக்கு?

நாலே விஷயம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் தீர்ந்துவிடும். மிஞ்சுவது கூடு மட்டும். 70 சதவிகிதம் செம்பு, 30 சதவிகிதம் துத்தநாகம்.

சுடும்போது இந்தக் கூடு பலூன் மாதிரி விரிந்து, துப்பாக்கியின் அறைச் சுவரில் ஒட்டி, வாயு பின்பக்கம் வராமல் அடைக்கும். அழுத்தம் குறைந்ததும் லேசாகச் சுருங்கும். ஆனால், பழைய அளவுக்கு முழுசாகத் திரும்பாது. அதைத் திரும்பவும் அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சுதான் 'டை'.

எந்த டை, யாருக்கு?

ஃபுல் லெங்த் டை: கூட்டின் உடம்பு, தோள், கழுத்து மூன்றையும் ஒன்றாகச் சுருக்கும். வேட்டைக்காரர்கள் விரும்புவது இதைத்தான். தோட்டா சிக்காமல் உள்ளே போகணும் என்பதே அவர்களுக்கு முக்கியம்.

நெக் டை: கழுத்தை மட்டும் சுருக்கும். பித்தளைக்கு வேலை குறைவு. ஆனால், அதே துப்பாக்கியில் சுட்ட கூடுகளுக்கு மட்டும்தான் இது சரிப்படும். சில சுற்றுகளுக்குப் பிறகு கூடு இறுக்கமாகிவிடும். அப்போது ஃபுல் லெங்த் டை தேவைப்படும்.

புஷ்ஷிங் டை: உள்ளே மாற்றக்கூடிய சின்ன வளையம் இருக்கும். கழுத்தை எவ்வளவு சுருக்கணும் என்பதை அந்த வளையத்தின் அளவு முடிவு செய்யும். இலக்குப் போட்டியாளர்களின் செல்லப்பிள்ளை.

சீட்டிங் டை: கடைசியில் குண்டைக் கழுத்துக்குள் நேராக, சரியான ஆழத்தில் உட்காரவைப்பது.

கடையில் கிடைக்காத, சொந்தமாக வடிவமைத்த தோட்டாவுக்கு 'வைல்ட்கேட்' என்று பெயர். அப்படித் தொடங்கி ஊரறிந்ததும் உண்டு. .22-250 பல வருஷம் வைல்ட்கேட்டாக இருந்து, 1965-ல் ரெமிங்டன் நிறுவனம் எடுத்த பிறகு கடைச்சரக்கானது. இந்த வகைக்கு ரெடிமேட் டை கிடைக்காது. துப்பாக்கியின் அறையைக் குடைந்த ரீமரின் வரைபடத்தையோ, அதில் சுட்ட கூடுகளையோ டை செய்பவருக்கு அனுப்பணும். தையல்காரரிடம் அளவுச் சட்டை கொடுக்கிற மாதிரி! அறையும் டையும் பொருந்தாவிட்டால் பித்தளை சீக்கிரம் செத்துவிடும்.

பித்தளையைத் தயார் செய்வது எப்படி?

முதலில் கண்ணால் பார்க்கணும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளன்னு ஒரு வளையம் தெரிந்தால் அந்தக் கூடு குப்பைக்குத்தான். உள்ளே உலோகம் மெலிந்துவிட்டது, அடுத்த முறை இரண்டாகப் பிரியலாம். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடினால் பள்ளம் தட்டுப்படும்.

அடுத்து சுத்தம், பிறகு மசகு. மசகு போடாமல் டைக்குள் தள்ளினால் கூடு அப்படியே சிக்கிக்கொள்ளும். டையையே கெடுக்கவேண்டி வரும்.

சுருக்கும்போது தோளை எவ்வளவு பின்னே தள்ளணும்? ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. அதாவது 0.025 முதல் 0.05 மி.மீ., உங்க தலைமுடியைவிட மெல்லிசு. இதைத் தாண்டித் தள்ளுவதுதான் மேலே சொன்ன வளையத்துக்கு முக்கியக் காரணம்.

ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை முன்பக்கம் நீளும். அதை வெட்டி, விளிம்பைச் சீவணும். வைல்ட்கேட்டில் இன்னொரு தலைவலி, கழுத்தின் தடிமன். அறை இறுக்கமாக இருந்து கழுத்து தடித்துப்போனால், குண்டை விடுவிக்கக் கழுத்து விரிய இடம் இருக்காது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதனால் கழுத்தைச் சுற்றிலும் ஒரே சீராகக் கடைவார்கள்.

கடைசியாக, நம்ம கன்னார்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை. அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். நெருப்பில் காய்ச்சினால் இளகும். தோட்டாக் கூட்டிலும் அதே விதிதான். ஆனால், கழுத்தையும் தோளையும் மட்டுமே காய்ச்சணும். அடிப்பகுதி இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. சுடுபவர் முகத்துக்குப் பக்கத்தில் அது நடக்கும் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு

1907-ல் பிரிட்டிஷ் அரசு, இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களைத் தனியாருக்குத் தடை செய்தது. கிளர்ச்சியாளர்களின் கையில் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் போய்விடும் என்ற பயம். புலிவேட்டைக்கு வரும் வாடிக்கையாளர்களை இழக்க விரும்பாத துப்பாக்கித் தயாரிப்பாளர்கள், .465, .470, .475 என்று கொஞ்சம் தள்ளிப் புது அளவுகளுக்குப் போனார்கள். இங்கே போட்ட சட்டம், அங்கே தோட்டாவின் வடிவத்தை மாற்றியது!

நாம செய்யலாமா?

நேரடி பதில்: உரிமம் இல்லாமல் கூடாது. ஆயுதச் சட்டம் 1959-ன் 5-ம் பிரிவின்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அந்தச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும், தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். ஆன்லைனில் ஒரு டையை ஆர்டர் போடுவது, கிச்சன் மிஷின் வாங்குகிற மாதிரி இல்லை.

இன்னொன்று. ஸ்டைலுக்கு நிஜத் தோட்டாவை கீ-செயினில் மாட்டுகிற, 'லக்கி'ன்னு பர்ஸில் வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஏர்போர்ட் ஸ்கேனரில் சிக்கினால் ஃப்ளைட் மட்டும் இல்லை, வழக்கும் உங்களுக்காகக் காத்திருக்கும். 'பையில் இருந்ததே தெரியாது' என்பதைக் கோர்ட்டில்தான் நிரூபிக்கணும்.

துப்பாக்கி சுடுவதில் நிஜமாகவே ஆர்வமா? ஏர் ரைஃபிளில் தொடங்குங்க. அதில் பித்தளையும் இல்லை, மருந்தும் இல்லை. காற்றழுத்தமும் 4.5 மி.மீ. ஈயக்குண்டும்தான். குருவிநத்தத்துக்குப் பக்கத்து ஊரான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்ஸுக்குப் போனது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான்.

அம்மாச்சி குடத்தை எடைக்குப் போட மனசில்லாமல் ஈயம் வெச்சு அடைத்து, இப்போ அதில் துளசி வளர்க்கிறாங்க. உங்க வீட்டிலும் பித்தளைச் சாமான் இருந்தால் ஒரே ஒரு டிப்ஸ்: மாட்டுக் கொட்டகைப் பக்கம் மட்டும் வைக்காதீங்க!