லயமும் மனையும்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் இலர். செலவும் அலைச்சலும் எத்தகையன என்று அறிய விரும்புவோன் இவ்விரண்டில் ஒன்றைச் செய்து பார்க்கட்டும் என்பது அதன் கருத்து. ஆனால், இப்பழமொழியை முதன்முதல் சொன்னவருக்கு ஒரு மனை இருந்திருக்க வேண்டும். மனை உண்டு, அதன்மேல் எழுப்புவதுதான் பெரும்பாடு என்று எண்ணியே அவர் பேசுகிறார். தேயிலை மலையில் பிறந்தவனுக்கோ, அப்பழமொழி முதற்படியை விட்டுவிட்டு இரண்டாம் படியில் தொடங்குவதாகத் தோன்றும்.

நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் நடத்தியிருப்பார்கள். நூலறி புலவர் கோலின் நிழல் கொண்டு திசை தெளிந்து, கயிறு பிடித்து அளந்து, தெய்வங்களை நோக்கிய பின்னரே வேலையைத் தொடங்குகின்றனர். எங்கே, எத்திசை நோக்கி, எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பிறகே சுவர் எழுகிறது. இவ்வினாக்களுக்கு விடை சொல்லும் உரிமை தமிழகத்துச் சிற்றூர்களில் எல்லார்க்கும் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சேரியில் பிறந்தவனுக்கு 'எங்கே' என்பதற்கு ஊரே விடை சொல்லிவிட்டது. கப்பலேறிக் கடல் கடந்தவருள் அத்தகையோர் மிகப் பலர். அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில் மூன்று வினாக்களுக்கும் தோட்டத்துரையே விடை எழுதி வைத்திருந்தார்.

எங்கள் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டம் தோன்றியது 1929-ஆம் ஆண்டில். அதற்கு அறுபதாண்டுகளுக்கு முன்பே, 1867-இல், இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கிவிட்டார். ஆகவே தேயிலைத் தொழிலாளியின் வீடு எவ்வாறு உருப்பெற்றது என்று அறிய இலங்கை மலையகத்தைத்தான் முதலில் பார்த்தல் வேண்டும். காப்பிக் காலத்திலேயே அங்கு அவ்வடிவம் தோன்றிவிட்டது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு தாழ்வாரம்.

இவ்வடிவம் ஏன் வந்தது? ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும். 20 அறைகளைத் தனித்தனியே கட்டினால் 80 சுவர்கள் வேண்டும். பத்துப் பத்தாக முதுகோடு முதுகு ஒட்டிவிட்டால் 52 சுவர்கள் போதும். கூரையும் ஒன்று, கடைகாலும் ஒன்று. மிச்சமானவை 28 சுவர்கள். ஆனால் அவற்றோடு சன்னல்களும் போயின. இடையிலுள்ள அறைக்கு மூன்று பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். வெளிச்சமும் காற்றும் வாசல் பக்கம் மட்டுமே. அடுப்பும் அந்த வாசலருகில் அமைந்தால் புகை செல்ல அறையன்றி வேறு இடம் இல்லை.

ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்னும் சொல்லே நம்மவர் நாவில் லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. லயம் என்பதற்கு ஒரு துணைக்கால் இட்டால் என்ன சொல் வரும் என்று தமிழாசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மாணவன் ஒருவன் சொல்வதெழுதுதலில் அப்பிழையைச் செய்தபோது சிவப்பு மையால் சுழிக்கக் கை எழவில்லை.

மலாயாவில் சட்டம் சற்று முன்னே சென்றது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடும் நீரும் மருத்துவமும் தருவது முதலாளியின் கடமை என்று வகுத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றதும் அதே சட்டந்தான். லயமும் தோட்டப் பள்ளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நம் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம். இரண்டும் தோட்டத்தார் நிலத்தில் தோட்டத்தார் எழுப்பியவை. வேலை உள்ளவரை வீடு. தோட்டம் உள்ளவரை பள்ளி.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சிதறிக்கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் திரட்டப்பெற்றன. அதே காலத்தில் காட்டோரம் குடியிருந்த சீனர்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். துன்பம் இருவர்க்கும் பொது. ஆயினும் புதுக்கிராமத்தார் பலருக்குக் காலப்போக்கில் மனைப்பத்திரம் கிடைத்தது. வேலிக்குள் வந்த தோட்டத்தார் தோட்ட மண்ணிலேயே நின்றுவிட்டனர். பிறகு தொழிலாளர் வீட்டு வசதியின் குறைந்த அளவுகளை வரையறுக்கும் சட்டம் 1966-இல் வந்தது. 1990-இல் வேறொரு சட்டம் அதனிடத்தைப் பெற்றது. இச்சட்டங்களால் தண்ணீர்க் குழாயும் மின்விளக்கும் நல்ல கழிப்பிடமும் வந்தன, குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் அவை அறையை அளந்தனவேயன்றி, அறையின் கீழுள்ள மண் யாருடையது என்று கேட்கவில்லை.

மண்ணைப் பற்றிக் கேட்டவர் துன் வீ. தி. சம்பந்தன். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையான காலத்தில், 1960-இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளரே தோட்டத்துக்குப் பங்குக்காரர் ஆயினர். அதன் அருமையை நான் நன்கறிவேன். ஆனால் பங்கு வேறு, மனை வேறு.

என் தந்தையார் 55 வயதில் ஓய்வு பெற்றார். முப்பதாண்டு குடியிருந்த வீட்டைக் காலி செய்யுமாறு கடிதம் வந்தது. அதில் கடுமையான சொல் ஒன்றும் இல்லை. அவர் தம் கையால் கட்டிய கோழிக்கூட்டைப் பிரித்துப் பலகைகளை மட்டும் லாரியில் ஏற்றினார். நானும் ஆசிரியர் விடுதியில் குடியிருப்பவன். எனக்கும் அறுபது வயது வரும். ஆகவே சேமநிதியில் வீட்டுக்கென எடுக்க இசைவுள்ள பணத்தை எடுத்து, பிரிஞ்சாங் அருகே ஒரு மனையை வாங்கினேன். வரலாற்றில் நான் படித்த மூன்று வினாக்களையும் அங்கே நேரில் சந்தித்தேன்.

மலையில் 'எங்கே' என்னும் வினா, சரிவு பற்றிய வினாவாகும். மண்டபம் போன்ற வீட்டுப் படங்களோடு வருபவர்கள் இதை எண்ணுவதில்லை. பாகைமானியில் நூல் கட்டி, நூலில் கல் தொங்கவிட்டு, மாணவர்களோடு சென்று சரிவை அளந்தேன். 20 பாகை வந்தது. மனையின் ஆழம் 60 அடி. எனவே முன்னெல்லைக்கும் பின்னெல்லைக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறக்குறைய 22 அடி; இரண்டு மாடி உயரம்! இந்நாட்டு வழிகாட்டு நெறிகள் சரிவை 15, 25, 35 பாகைகளில் எல்லை வகுத்து நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன. என் மனை இரண்டாம் வகுப்பு. தேர்ச்சிதான், ஆனால் சிறப்புத் தேர்ச்சி அன்று.

இத்தகைய நிலத்தில் மூன்று வழிகள் உண்டு. முழுவதும் வெட்டிச் சமன் செய்யலாம்; பின்னால் 22 அடி மண்சுவர் தலைமேல் நிற்கும். பாதி வெட்டி, அம்மண்ணை முன்னால் கொட்டிச் சமன் செய்யலாம். செலவு குறையும், ஆனால் கொட்டிய மண் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே இருக்கும். அல்லது, பின்பாதியைச் சிறிதளவு வெட்டி, முன்பாதியைத் தூண்மேல் நிறுத்தலாம். மலாய்க்காரரின் பழைய வீடுகள் தூண்மேல் நின்றதன் அறிவு இங்கேதான் விளங்கியது. வீட்டுக்கு மூன்றாவது வழியையே கொண்டேன். வாசல் முற்றத்துக்கு மட்டும் கட்டட வேலைக்காரர் பேச்சுக்கு இணங்கினேன். "மண்ணை வெளியே ஏற்ற லாரிக் கூலி மிச்சம் சார்" என்றார். அக்டோபர் மழை வந்தது. முற்றம் நடுவில் வெடித்தது. அதைத் தாங்கிய சுவர் கர்ப்பிணியின் வயிறுபோல முன்தள்ளியது. சுவரில் நீர் வடியும் துளை ஒன்றுகூட வைக்கவில்லை என்பதைப் பிறகுதான் கண்டோம்.

தாங்கு சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண்ணன்று, மண்ணுக்குள் தேங்கும் நீரே. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 உயிர்கள் மாண்டதற்கும், பின்புறச் சரிவில் நீர் முறையாக வடியாமை ஒரு பெருங்காரணம். எனவே சுவரை இடித்து, துளைக்குழாய்கள் பதித்து, பின்னால் சரளைக்கல் நிரப்பி மீண்டும் கட்டினேன். வீட்டுக்கு மேலே சரிவின் குறுக்கே ஒரு வாய்க்காலும் வெட்டி, வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பினேன். வண்ணம் பூச வைத்திருந்த பணம் இதில் போயிற்று.

தனி வீடு கட்டுபவன் செய்த பிழையைத் தானே இடித்துத் திருத்தலாம். லயத்தில் இருப்பவன் என்ன செய்வான்? இலங்கை பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக என்று அந்நாட்டுக் கட்டட ஆய்வு நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தும் மக்கள் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள், எங்கே போவது என்னும் கேள்வியையும் உடன் கேட்டல் வேண்டும். வேறு மனை அவர்களுக்கு இல்லை. வேலையும் லயமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

அம்மலையகத்தில் 2016 முதல் இந்திய அரசின் உதவியோடு நாலாயிரம் தனி வீடுகள் கட்டும் திட்டம் தொடங்கியது. குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம், 550 சதுர அடி வீடு. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. லய அறையின் 120 சதுர அடியோடு ஒப்பிட்டால், வீடு நான்கரை மடங்கு; மனை பதினைந்து மடங்குக்கு மேல். என் கண்ணுக்கு இரண்டாவது கணக்கே பெரிது. வீட்டைச் சுற்றி நடந்து வர முடியும் அல்லவா? நாற்புறமும் தனக்கே உரிய சுவர். எந்தச் சுவரிலும் சன்னல் வைக்கலாம்.

திசை பற்றியும் ஒரு சொல். என் மனை தென்கிழக்கே சரிகிறது. மனையடி சாத்திரப்படி அடுப்பு தென்கிழக்கு மூலையில், அஃதாவது பள்ளத்துப் பக்கம், அமைய வேண்டும். ஆனால் மலையில் பகல் வேளையில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். அங்கே அடுப்பு வைத்தால் புகை முழுதும் வீட்டுக்குள் வரும். லயத்துப் புகையில் இருமி இருமி வளர்ந்தவன் நான். அடுப்பை மேட்டுப் பக்கம் வைத்தேன். என் மாமியார் இன்றளவும் ஒப்பவில்லை. பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிடும் இவ்வூரில் காலை வெயில்தான் துணி உலர்த்தும். அத்தென்கிழக்கைப் படுக்கையறைக்கும் கொடிக்கும் கொடுத்தேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது காகிதம். மலேசிய நிலச் சட்டம் 1965-இல் வகுத்தபடி நிலம் மாநிலத்துக்குரியது. பட்டாவில் பயிர்நிலம், கட்டட நிலம், தொழில் நிலம் என்று வகை குறிக்கப்பெறும். பயிர்நிலத்தில் வீடு கட்ட வேண்டுமாயின் வகைமாற்றம் பெறுதல் வேண்டும். பட்டாவே இல்லாமல் தற்காலிக உரிமத்தில் பயிரிடும் வழக்கமும் கேமரன் மலையில் நெடுங்காலமாக உண்டு. மக்கள் அதை 'தி. ஓ. எல்.' என்பர். அவ்வுரிமம் ஆண்டு முடிவுக்கு மேல் செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பிறருக்கு மாற்றிக் கொடுக்க இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது.

தோட்டத்துத் தலைமையாசிரியனிடம் பிள்ளைகளின் மதிப்பெண் கேட்க வருபவர்களைவிடக் காகிதம் படித்துச் சொல்லக் கேட்டு வருபவர்களே மிகுதி. சென்ற வாரம், என் தந்தையாரோடு ஒரே கங்காணியின் கீழ்க் கொழுந்தெடுத்த பெரியவர் ஒருவர் வந்தார். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து ஓரிடம் வாங்கியிருக்கிறார். பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்டாயிற்று.

"சிமெண்டுத் தரை போட்டுடலாமுங்களா, வாத்தியாரே? பேரப்பிள்ளைக்குச் சளி தாங்கல" என்றார்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஓராண்டு உரிமம்; டிசம்பர் 31 வரை. அதில் இருந்த பெயர் அவருடையது அன்று, விற்றவருடையது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

"தரை இப்போது வேண்டாம், பெரியப்பா" என்றேன். காரணத்தைச் சொல்வதற்குள் தேநீர் ஆறிவிட்டது. திங்கட்கிழமை தானா ராத்தா நில அலுவலகத்துக்கு அவரோடு நானும் போகிறேன்.